ராகி வயலின் பங்காளி

ராகி முளைத்து மூன்று வாரம் ஆன வயலில் களையெடுக்க உட்காரும் ஆளுக்குக் கையைவிடக் கண்தான் முக்கியம். பெங்களூருக்கு அருகே ஆனேக்கல் தாலுகாவின் செம்மண் மானாவாரிக் காடுகளில் அகன்ற இலைக் களைகளைப் பிடுங்க யாரும் யோசிப்பதில்லை. குழப்பம் ஒரே ஒரு புல்லிடம்தான். அதே பச்சை, அதே ஒடுங்கிய இலை, அதே போலத் தூர் கட்டும் பழக்கம். குனிந்து தாளின் அடியை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். தட்டையாக அமுங்கி, வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருந்தால் அது களை. அந்த அளவுக்கு வெளுப்பு இல்லையென்றால் ராகி. இதைத் தவறவிட்டால் கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ராகிக் கதிரின் விரல்கள் தடித்து உள்நோக்கி மடங்கும். அந்தப் புல்லின் விரல்கள் மெலிந்து விரிந்து நிற்கும். அதற்குள் அது விதை உதிர்க்கத் தொடங்கியிருக்கும்.

தாவரவியலில் அந்தப் புல் எலூசின் இண்டிகா. ராகி எலூசின் கோரகானா. உருவ ஒற்றுமை தற்செயல் அல்ல. ராகியின் ஒவ்வொரு உயிரணுவிலும் 36 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் 18 ஒரு மூதாதையிடமிருந்தும், மீதி 18 இன்னொரு மூதாதையிடமிருந்தும் வந்தவை. இரண்டாவது மூதாதை எது என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. முதலாவது, இந்தக் காட்டுப் புல்லோ அதன் மிக நெருங்கிய உறவோதான் என்பதைப் பசுங்கணிக டிஎன்ஏ ஆய்வுகள் காட்டின. அதுவும் தாய்வழியில். கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டுநிலங்களில் இந்த இரு வழிகளும் கலந்து உருவான காட்டு ராகியை அங்குள்ள மக்கள் பயிராக்கினார்கள். அது கடல் கடந்து தென்னிந்தியா வந்து, மைசூர்ச் சீமைக்கும் ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கும் களி உருண்டையானது. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஷைலஜா ஹிட்டல்மணி தலைமையிலான குழு 2017-இல் எம்.எல்-365 என்ற ராகி ரகத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது. வறட்சியைத் தாங்கும் திறனின் வேர்களைத் தேடிய வேலை அது.

அந்தத் தொகுதியில் பாதி, வரப்பில் மிதிபடும் புல்லின் சொத்தும்தான். ஆகவே ஆனேக்கல் வயலில் நடப்பது வெளியூர்க்காரனோடு சண்டை அல்ல, பங்காளிச் சண்டை. இந்தச் சண்டையின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். களைக்கொல்லியை எதிர்த்து நிற்கும் களைகள் திடீரென முளைத்த புதுமை அல்ல. மனிதர் களையெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்தே, எப்படி எடுக்கிறோமோ அதற்கேற்பக் களை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருடம், 1800-இல், கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் மைசூர் நாட்டைச் சுற்றி வந்தார். அவருடைய பயணக் குறிப்புகள் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளியாயின. எந்த ஊரில் எந்த மண், எத்தனை உழவு, என்ன விதை, என்ன கூலி என்று சலிக்காமல் எழுதியவர், ராகிக்கு நிறையப் பக்கங்கள் ஒதுக்கினார். அவரை ஈர்த்தவற்றில் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று கூரிகெ, மாடு இழுக்க விதையை வரிசையாக இறக்கும் விதைப்பான். மற்றது குண்டெ, பயிர் வரிசைகளுக்கு நடுவே மாட்டைக் கொண்டே இழுத்து மேல்மண்ணைச் சுரண்டிக் களையை அறுக்கும் இரும்புப் பட்டை. ஐரோப்பாவில் வரிசை விதைப்பைப் பெரிய புரட்சியாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இங்கே குடியானவர்கள் அதை அன்றாட வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் வேளாண் இயக்குநரான கனடாக்காரர் லெஸ்லி கோல்மன், 1920-இல் ராகிச் சாகுபடி பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

கூரிகெயும் குண்டெயும் ஜோடியாக ஏன் முக்கியம்? விதையைக் கையால் வீசித் தெளித்தால் வயல் முழுவதும் பயிரும் களையும் கலந்து நிற்கும். எது களை என்று தீர்மானிக்க உருவம் ஒன்றுதான் வழி. வரிசையாக விதைத்தால் நிற்கும் இடமே தீர்ப்பு சொல்லிவிடும். வரிசைக்கு நடுவில் எது முளைத்தாலும் அது களை. ராகி போலவே இருந்தாலும் குண்டெயின் பட்டை தயவு பார்க்காது. வரிசைக்குள் ஒளிந்த சிலவற்றுக்கு மட்டும் பெண்களின் கண்ணும் களைக்கொத்தும் போதும்.

இதனோடு அக்கடி சாலு என்ற ஏற்பாடும் சேர்ந்திருந்தது. சில ராகி வரிசைகளுக்கு ஒரு வரிசை வீதம் மொச்சை, துவரை, பேயெள்ளு, கடுகு என்று மாற்றுப் பயிர்கள். மார்கழிப் பனியில் பெங்களூரு மணக்கும் மொச்சைக் காய்க்கு இந்தச் சால்தான் பழைய வீடு. ராகி அறுத்த பிறகும் மொச்சை நிற்கும். அதன் நிழலில் பல களைகள் முளைத்து மேலே வர முடியாது. ஒரே வயலில் மூன்று நான்கு விதமான நெருக்கடி. எந்தக் களையும் ஒரே ஒரு தந்திரத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தாண்டிவிட முடியாது.

கண்ணை மட்டும் நம்பிய இடங்களில் என்ன ஆயிற்று என்பதை ரஷ்யத் தாவரவியலாளர் நிகொலாய் வவிலோவ் கவனித்துச் சொன்னார். பயிரைப் போலவே தோன்றும் களைகள் தாமாக அப்படி ஆனவை அல்ல, மனிதர் தெரியாமல் வளர்த்தவை. வேறாகத் தெரியும் செடியைப் பிடுங்கி, பயிர்போலத் தெரிவதை விட்டுவைத்தால், அடுத்த ஆண்டு விதை கொடுப்பது விட்டுவைக்கப்பட்டதுதான். சீன நெல் வயல்களின் குதிரைவாலிக் களையை ஆராய்ந்து 2019-இல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதி செய்தது. யாங்சி ஆற்றுப் படுகையில் நெற்பயிர்போல நிமிர்ந்து நிற்கும் வடிவம் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. தூரின் சாய்மானத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் மனிதத் தேர்வின் தடயம் இருந்தது. மருந்து இல்லாத காலத்திலேயே களை, களையெடுப்பவரின் கண்ணுக்கு எதிராகத் தன் மரபை மாற்றிக்கொண்டிருந்தது.

மருந்து வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால். 1940-களில் 2,4-டி என்ற வேதிப்பொருள் கண்டறியப்பட்டபோது உலகமே வியந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று, புல் வகைகளை அது விட்டுவைத்தது. கோதுமை, சோளம், நெல், ராகி எல்லாம் புல் வகையே என்பதால் பயிருக்குச் சேதமில்லை. ஆனால் ராகி வயலில் இந்த வரமே கோளாறானது. பயிரைப் போலவே அதன் பங்காளியும் புல்தான். 2,4-டி அடித்த வயலில் போட்டிக்கு இருந்த மற்ற களைகள் மடிய, காட்டுப் புல்லுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ராகியைத் தொடாமல் இந்தப் புல்லை மட்டும் கொல்லும் மருந்தைக் கண்டுபிடிப்பது இன்றும் கடினம். இரண்டின் உடலிலும் ஓடுவது கிட்டத்தட்ட ஒரே இயந்திரம். அதனால் ராகிக்குப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் பல, வேறுபாட்டைச் செடியில் தேடாமல் நேரத்திலும் ஆழத்திலும் தேடுகின்றன. நாற்று நட்ட ராகியின் வேர் கீழே இறங்கியிருக்கும். களை விதை மேல்மண்ணில் அப்போதுதான் கண் விழிக்கும். மேல்மண்ணில் மட்டும் மருந்து படர்ந்தால் முளைப்பது சாகும், நட்டது தப்பும்.

இந்தப் புல் மருந்தை வென்ற முதல் கதை நடந்தது அமெரிக்காவின் தென் கரோலினா பருத்திக் காடுகளில். அங்கே டிரைஃப்ளூராலின் என்ற மருந்தை ஆண்டுதோறும் மண்ணில் கலந்து வந்தார்கள். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே சாரம் கட்டும் நுண்குழாய்களை அது கட்டவிடாது. வேர் வீங்கி முளை நின்றுவிடும். 1973-இல் சில வயல்களில் எலூசின் இண்டிகா அதைப் பொருட்படுத்தாமல் வளர்ந்தது. காரணம் கண்டறிய 25 ஆண்டுகள் ஆயின. 1998-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, டியூபுலின் என்ற புரதத்தின் 239-ஆவது இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலூசின் இருந்ததைக் காட்டியது. டிஎன்ஏ எழுத்தில் ஒரு ‘சி’ ஒரு ‘டி’யாக மாறினாலே போதும். மருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் இடம் அதோடு குலைந்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்த எதிர்ப்பு ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் செடி தப்பும். ஒன்று மட்டும் இருந்தால் மருந்தில் சாகும். பிற செடியின் மகரந்தத்தை வாங்கும் களையாக இருந்தால் அத்தகைய பண்பு வெளிவரப் பல தலைமுறைகள் ஆகும். எலூசின் இண்டிகாவோ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை கட்டுவது. ஒரு பிரதி மாறிய செடியின் பிள்ளைகளில் நான்கில் ஒன்று இரண்டு பிரதிகளும் மாறியதாகவே பிறக்கும். அந்தப் பிள்ளை மருந்தடித்த வயலில் தனிக்காட்டு ராஜா.

எண்ணிக்கையும் அதன் பக்கம்தான். நல்ல மண்ணில் ஒரு செடி 40,000 விதை வரை கொட்டும். டிஎன்ஏவின் ஒரு குறிப்பிட்ட எழுத்து ஒரு தலைமுறையில் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு, தோராயமாக 10 கோடியில் ஒன்று. 2,500 செடிகள் கொட்டினாலே 10 கோடி விதை ஆகிவிடும். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே எங்கோ ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை ஒழித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கதையின் அடுத்த அத்தியாயத்தைத் தமிழர்கள் நன்கறிந்த மண்ணில் எழுதியது இந்தப் புல். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான், பழைய தெலுக் ஆன்சன். அங்கே ஒரு பழத்தோட்டத்தில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் அடித்தும் எலூசின் இண்டிகா மடியவில்லை என்பது 1997-இல் உறுதியானது. கிளைஃபோசேட்டை எதிர்க்கும் களை 1996-இல்தான் முதன்முதலாக ஆஸ்திரேலியாவில் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த மருந்தை எந்தக் களையாலும் வெல்ல முடியாது என்று பலர் நம்பிய காலம். செடி சில அமினோ அமிலங்களைச் செய்ய உதவும் நொதி ஒன்றை அது முடக்கும். அந்த நொதியின் 106-ஆவது இடத்தில் புரோலின் இருந்த இடத்தில் செரின் வந்திருந்ததை 2002-இல் கண்டார்கள். இங்கும் ஒரு ‘சி’ ஒரு ‘டி’யாகியிருந்தது. எதிர்ப்பு மிதமானதே. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அடித்து ஒப்பேற்றலாம் என்று எண்ண இடம் இருந்தது.

அந்த இடமும் போயிற்று. பகாங் மாநிலத்தில் எடுத்த செடிகளை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் சின் யு, ஸ்டீஃபன் பௌல்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டதைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். 106-ஆவது இடத்தோடு 102-ஆவது இடமும் மாறியிருந்தது. இரண்டும் சேர்ந்த செடி சாதாரணச் செடியைவிட 180 மடங்குக்கும் மேல் கிளைஃபோசேட்டைத் தாங்கியது. இதே இரட்டை மாற்றத்தைத்தான் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, மருந்து தாங்கும் முதல் தலைமுறை மக்காச்சோளம் ஒன்றில் நிறுவனங்கள் புகுத்தியிருந்தன. யாரும் புகுத்தாமலே களை அதைப் பெற்றுவிட்டது. முதலில் ஒரு மாற்றம். அளவைக் கூட்டி அடித்ததும் அதன்மேல் இன்னொன்று. பகாங் செடிகள் குளுஃபோசினேட், பாராகுவாட் ஆகிய மருந்துகளுக்கும் அடங்கவில்லை. ஆனால் இந்த இரட்டை மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. மருந்தே இல்லாத மண்ணில் அத்தகைய செடி மெதுவாக வளர்கிறது, விதையும் குறைவு.

மலேசியத் தோட்டங்களில் மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களில் மிகப்பலர் தமிழர்கள். முதுகில் பம்பு, சிலருக்குக் கையுறைகூடக் கிடையாது. ஐரின் ஃபெர்னாண்டஸ் நிறுவிய தெனகனித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களின் நக உதிர்வு, தோல் எரிச்சல், கண் நோய், மூக்கில் இரத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்தது. மலேசியா அதே ஆண்டு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் முழுத்தடை விதித்தது. மருந்துக்கு அடங்காத புல்லுக்கு மேலும் மருந்து அடிக்கச் சொன்னபோது அதைச் சுமந்த முதுகுகள் இவைதான்.

இந்தியாவில் முதல் அடி விழுந்தது வேறொரு புல்லால். ஹரியாணாவின் நெல்-கோதுமை வயல்களில் பலாரிஸ் மைனர், உள்ளூரில் மண்டூசி. கோதுமையோடு கலந்து நின்றால் கதிர் வரும்வரை பிரித்தறிய முடியாத புல். ஐசோபுரோட்டூரான் மருந்து 10 - 15 ஆண்டுகள் அதைக் கட்டுக்குள் வைத்தது. 1992-93 பருவத்தில் மருந்து பொய்த்தது. சில விவசாயிகள் பச்சைக் கோதுமையை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக், சமுந்தர் சிங் ஆகியோர் இதை 1995-இல் உலகுக்கு அறிவித்தார்கள். இங்கே மருந்து போய் ஒட்டும் இடம் மாறவில்லை. கோதுமை அந்த மருந்தால் சாகாததற்குக் காரணம், சைட்டோகுரோம் பி-450 என்ற நொதிக் கூட்டம் அதை உடைத்துப் போடுவதுதான். தப்பிய களையும் அதையே செய்தது. அந்த நொதிகளை முடக்கும் பொருளை மருந்தோடு கலந்து கொடுத்தபோது களை மறுபடி மடிந்தது. அடுத்து வந்த மருந்துகளுக்கும் சில ஆண்டுகளில் எதிர்ப்பு கிளம்பியது. நெல்லுக்குப் பின் கோதுமை என்றே ஓடாமல் பெர்சீம் தீவனம், சூரியகாந்தி, கரும்பு என்று மாற்றிய வயல்களில் மண்டூசியின் கொட்டம் குறைவாக இருந்தது.

ஐசோபுரோட்டூரான் கர்நாடகத்தில் விதைத்த ராகிக்கும் பரிந்துரைக்கப்பட்ட மருந்துதான். ஆனால் மானாவாரி ராகியில் களையெடுப்பின் பெருஞ்சுமை கூலியாள்மீதும் குண்டெமீதுமே இருந்தது. இப்போது அந்தச் சமன்பாடு ஆட்டம் காண்கிறது. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் ஆனேக்கலின் வாசலில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் வரிசை கட்டின. ஒசூர்ப் பக்கமிருந்து களையெடுக்க வந்த கையும் உள்ளூர்க் கையும் கம்பெனி வண்டி ஏறின. உழவு மாடு குறையக் குறையக் குண்டெயும் கூரையோரம் ஒதுங்கியது. மறுபக்கம் ராகிக்கு மவுசு கூடியிருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். விளைவிக்க ஆசை உண்டு, களையெடுக்க ஆள் இல்லை என்னும் நிலையில் மருந்துக் கடைப்பக்கம் கால் போவது இயல்பு.

ராகியிலேயே மருந்து தாங்கும் பண்பைப் புகுத்தினால் அது பங்காளிக்குத் தாவுமா என்ற கேள்வியும் எழும். 36 குரோமோசோம் ராகியும் 18 குரோமோசோம் புல்லும் கலந்தால் பிறப்பது 27 உள்ள செடி. அது பெரும்பாலும் மலடு. ஆகவே அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டதே. தெலுக் இந்தானிலும் பகாங்கிலும் அந்தப் புல் தன் எதிர்ப்பை யாரிடமும் கடன் வாங்கவில்லை.

ஆனேக்கலில் மருந்துக்கு அடங்காத புல் முதலில் தோன்றக்கூடிய இடம் வயல்கூட அல்ல. எலூசின் இண்டிகா மிதிபட்டு இறுகிய மண்ணை விரும்பும். மனை போட்டு விற்காமல் கிடக்கும் லேஅவுட், கிடங்கு முற்றம், அடுக்ககத்தின் நடைபாதை விளிம்பு, புல்தரை எல்லாம் அதற்குச் சொந்த ஊர். இந்தியாவில் கிளைஃபோசேட்டுக்கு அனுமதி தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லாத நிலங்களுக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் பூச்சிக்கட்டுப்பாட்டு ஊழியர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை வெளியிட்டது. பயிரில்லாத நிலம் என்ற அந்த வரையறைக்குள் வேலியிட்ட மனைகள் எல்லாம் அடங்கும். மாடும் குண்டெயும் நுழையாத, கைக்களை எடுக்க யாரும் உட்காராத, மாற்றுப்பயிரும் வராத நிலம் அது. அங்கே ஒரே மருந்து பருவந்தோறும் தெளிக்கப்பட்டால், தென் கரோலினாவும் பேராக்கும் கண்ட கணக்கு அப்படியே பொருந்தும். புல்லின் விதை செருப்பிலும் டிராக்டர் டயரிலும் ஒட்டிக்கொண்டு பக்கத்து ராகிக் காட்டுக்குப் போக வேலி ஒரு தடையல்ல. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்தில் களை மேலாண்மைக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு மையம் இருக்கிறது. வரிசை விதைப்பு, சக்கரக் களைக்கருவி, மருந்து ஆகியவற்றைக் கலந்து கையாளும் முறைகளை அது போன்ற மையங்கள் சோதித்துப் பரிந்துரைக்கின்றன. வாடகைக்கு எடுக்கும் சிறு பவர் வீடர் இயந்திரம் சில ஊர்களில் குண்டெயின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கும் நிபந்தனை ஒன்றுதான்: ராகியை வரிசையில் விதைத்திருக்க வேண்டும்.